அக்காமார் தோளில் ஒரு சின்னப்பிள்ளை

இந்த வேலைக்கு வரும்போது பயத்தை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். கூடவே கொண்டு வாருங்கள்.

இதைத்தான் அன்றைக்கு உங்கள் மூன்று பேரிடமும் சொல்ல நினைத்தேன். வேலையை விட்டு நின்றுவிட்ட என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, "ஆயம்மா, புதுசா வந்தவங்களுக்கு நாலு விஷயம் சொல்லுங்க" என்று மாஸ்டர் சொன்னதும் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. "பிள்ளைகளைப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உங்களில் ஒருத்தி சிரித்தது கேட்டது. தப்பில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் பேச எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கைதான், மெதுவாக எழுதும். நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

தண்ணீர் பாட்டில், ரிப்பன், கொண்டை ஊசி, யாருக்கு வேனில் குமட்டும், யார் ஜன்னலோரம் கேட்டு அழும், இதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதை எழுதவில்லை. சின்னப் பிள்ளைகளையும் பெரிய பிள்ளைகளையும் ஒரே அணியில் சேர்த்துவிட்டால் பயிற்சி விரிப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவள் எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். மற்றதெல்லாம் தவறினாலும் திருத்திக்கொள்ளலாம்.

நான் இந்த அகாடமிக்கு வந்தது கூட்டிப் பெருக்கத்தான். தக்கலைப் பக்கம் மூடிக்கிடந்த அண்டியாபீஸ் அது. முந்திரிக்கொட்டை உடைக்கிற அந்த ஆலையில் நானே முன்பு உட்கார்ந்து பருப்புத் தோல் உரித்திருக்கிறேன். ஆலை நின்றபிறகு மாஸ்டர் அந்த இடத்தை எடுத்து, தரை முழுக்க நீல மேட் விரித்து, பெண்பிள்ளைகளுக்குச் சியர்லீடிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் கூட ஒரு பெண் துணை வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு நான் வேனில் ஏறினேன்.

அவர்கள் செய்வதை முதல் நாள் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று பேர் கீழே நின்று ஒருத்தியின் காலைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்குகிறார்கள். அவள் அங்கே ஒற்றைக்காலில் நின்று சிரிக்கிறாள். பிறகு அவளை மேலே எறிகிறார்கள். அவள் காற்றில் சுழன்று அவர்கள் கைகளில் வந்து விழுகிறாள். கை தவறினால்? மறுபடியும் கண்ணை இறுக மூடினேன். மாஸ்டர் பார்த்துவிட்டார். நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"பயமாட்டு இருக்கா ஆயம்மா?"

"ஆமா மாஸ்டர்."

"அப்ப கண்ணை மூடாதீங்க. எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு. பழகாத ஒரு கண்ணு மேட்டுப் பக்கத்துல வேணும்."

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் அதையே என் வேலையாக எடுத்துக்கொண்டேன். எத்தனை வருஷம் ஆனாலும் எனக்குப் பழகவில்லை. பழகிவிடக் கூடாது என்றும் இருந்தேன்.

மேலே நிற்கிற பிள்ளைக்கு ஒரு விதி உண்டு. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். முடியவில்லை என்றால் "இறக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கீழே இருப்பவர்கள் ஏன் எதற்கு என்று கேட்காமல் அந்த நொடியே இறக்கிவிட வேண்டும். நல்ல விதிதான். ஒரே வயசுப் பிள்ளைகள் சேர்ந்த அணியில் இந்த வார்த்தை ஓயாமல் கேட்கும். மேலே நிற்பது எட்டு வயது, கீழே தாங்குவது பதினேழு வயது என்றால் அது கேட்காது. ஏன் என்று எனக்குப் புரிய நாளாகிவிட்டது.

முதலில் சின்ன சம்பவம் ஒன்று. சிரிப்பதற்கு உரியதுதான், நாங்களும் சிரித்தோம். இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தியைப் பெரிய பிள்ளைகளோடு பழகவிட்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் அவள் மாஸ்டர் முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நின்றாள்.

"மாஸ்டர், எனக்கு இன்னைக்கு முடியாது. எனக்கு டேட் வந்துட்டு."

மாஸ்டர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரிய பிள்ளைகள் மேட்டில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். "ஏட்டி, ஒனக்கு விழுந்த பல்லே இன்னும் முளைக்கல்ல, அதுக்குள்ள டேட்டா!" என்று ஒருத்தி அவளைத் தூக்கிச் சுற்றினாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

சிரித்து முடித்து எல்லாரும் பயிற்சிக்குப் போனார்கள், அவளையும் கூட்டிக்கொண்டு. நடுவில் தண்ணீர் கொடுக்கும்போது பாட்டிலை இடது கையால் வாங்கினாள். வலது மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன், வீங்கிச் சூடாக இருந்தது.

"மக்கா, ஏன் சொல்லல்ல?"

"சொன்னனே ஆயம்மா" என்றாள்.

சொல்லத்தான் செய்தாள். அக்காமார் மாதவிலக்கு நாளில் எதைச் சொன்னால் மாஸ்டர் மறுபேச்சில்லாமல் ஓரமாக உட்கார விடுகிறார் என்று பார்த்து வைத்திருக்கிறாள். அதையே எடுத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கை வலிக்கிறது என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்த அக்கா யாரையும் அவள் பார்த்ததில்லை. வலியோடு செய்வதுதான் அங்கே கெட்டிக்காரத்தனம். பெரியவர்கள் நடுவில் நிற்கிற சின்னப்பிள்ளை அவர்களின் வார்த்தையைத்தான் கடன் வாங்கும். அது வேடிக்கையாகக் கேட்டால் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்துவிட்டு, அப்புறம் ஒருமுறை பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

இனி பெனிட்டா.

அப்போது எங்களிடம் பெரிய பிள்ளைகளின் அணி ஒன்று இருந்தது. எல்லாரும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு. தலைவி ஷெரின். குளச்சல் பிள்ளை, அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அவள் தோளையும் கையையும் பார்த்தால் அந்த வள்ளத்தை அவளே தள்ளிவிடுவாள் என்று தோன்றும். வாய் அதைவிடப் பலம். மாநிலப் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, மேலே நிற்கிற பெண் வராமல் நின்றுவிட்டாள். பரீட்சை வருகிறது, படிக்கட்டும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்தப் போட்டியில் ஒரு பிரிவில் வயது கலந்து இறங்கலாம் என்று இருந்தது. மாஸ்டர் சின்னப் பிள்ளைகள் வகுப்பிலிருந்து பெனிட்டாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். எட்டு வயது. முட்டையிலிருந்து இப்போதுதான் வந்தது மாதிரி இருப்பாள். அன்றைக்கே அவளுக்குக் குஞ்சு என்று பெயர் விழுந்துவிட்டது.

பெரிய பிள்ளைகள் அவள்மேல் உயிராக இருந்தார்கள். ஒருத்தி தலை பின்னிவிடுவாள், ஒருத்தி ஷூ லேஸ் கட்டிவிடுவாள், ஷெரின் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போவாள். பெனிட்டா அவர்களைப் பார்த்த பார்வையை நான் என்னவென்று சொல்ல. ஷெரின் இடது கையால் முடியை ஒதுக்கினால் இவளும் இடது கையால் ஒதுக்குவாள். ஷெரின் துப்பினால் இவளும் போய்த் துப்பிவிட்டு வருவாள்.

ஷெரினுக்கு அந்தப் போட்டி தேவையாக இருந்தது. பரிசு கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கேட்கலாம். இதை அவர்கள் மேட்டில் கால் நீட்டி உட்கார்ந்து தினமும் பேசுவார்கள். பெனிட்டா ஷெரினின் மடியில் தலைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரே வயசுக்காரிகள் பேசிக்கொண்டால் அது பேச்சு. எட்டு வயசுக்காரியின் காதில் அது வேறு மாதிரி விழும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஒருநாள் எறிந்து பிடிக்கும்போது பெனிட்டா சரிந்து வந்தாள். ஷெரின் முன்னால் பாய்ந்து பிள்ளையைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு மல்லாந்து விழுந்தாள். சின்னதுக்கு ஒரு கீறல் இல்லை. ஷெரினுக்குத் தோள் பிசகிவிட்டது. டேப் சுற்றி உட்கார வைத்தார்கள். பெனிட்டா எதிரில் விறைத்துப்போய் நின்றாள், கண் இமைக்கவில்லை. அவளைச் சிரிக்க வைக்கத்தான் ஷெரின் சொன்னாள்.

"ஏட்டி குஞ்சு, நேத்து எத்தன பரோட்டா தின்ன? நீ இன்னும் கொஞ்சம் தடிச்சியான்னா எனக்க தோளு கழண்டு கடல்ல போயிரும், கேட்டியா."

எல்லாரும் சிரித்தார்கள். பெனிட்டாவும் சிரித்தாள். நானும் நல்லவேளை என்று மூச்சு விட்டேன்.

அதற்கப்புறம் அவளைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. காரணம் சொல்லத் தெரியவில்லை. இந்த விளையாட்டில் முகத்தைச் சிரித்தபடியே வைத்திருக்கப் பழக்குகிறார்கள். வலித்தாலும் பல் தெரிய வேண்டும். அதனால் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நான் முழங்காலைப் பார்ப்பேன். ஒரு சாயங்காலம் மேலே நின்றபோது அவள் முழங்கால் துடித்தது, பல்லியின் அறுந்த வால் துடிக்குமே, அப்படி. இறங்கியதும், பயந்துவிட்டாளோ என்று தனியே கூப்பிட்டேன்.

"பேடிச்சியா மக்கா?"

"இல்ல ஆயம்மா."

"முடியல்லன்னா இறக்குன்னு சொல்லலாம்லா?"

"அக்காமார்கிட்டயா?" என்று கேட்டாள். ஹெட்மாஸ்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்று நான் சொன்னதுபோல என்னைப் பார்த்தாள்.

போட்டி வடக்கே ஒரு ஊரில். முந்தின நாள் மதியம் வேன் கிளம்பியது. பெனிட்டாவின் அம்மா புட்டும் ஏத்தம்பழமும் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா துபாயில். அம்மா தனியாக இரண்டு பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கிறவள்.

"ஆயம்மா, இவ இப்ப சரியா தின்ன மாட்டேங்கா. கேட்டா அகாடமில தின்னேன்னு சொல்லுதா. ஒங்க கூட இருந்தா தின்னுவா, இல்லியா?"

"நான் பாத்துக்கிடுதேன் மோளே" என்றேன்.

பார்க்கத்தான் செய்தேன். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் இனி பார்ப்பீர்கள். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்ததும் எல்லா டிபனையும் திறந்துவிடுவார்கள். கிழங்கும் மீனும், புட்டும் பழமும், முந்திரிக்கொத்தும் வேன் முழுக்கக் கை மாறும். யார் வீட்டுச் சாப்பாடு யார் வயிற்றுக்குப் போகிறது என்று தெரியாது. அன்றைக்குப் பெனிட்டாதான் விளம்பினாள். "அக்கா இந்தா, அக்கா ஒங்களுக்கு" என்று சீட்டுக்குச் சீட்டு போய்க் கொடுத்தாள். "குஞ்சு என்ன பொறுப்பு பாரு" என்று எல்லாரும் மெச்சினார்கள். ராத்திரித் தங்கின இடத்திலும் அவள்தான் விளம்பினாள், காலையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்ததும் அவள்தான். விளம்புகிறவள் தின்றாளா என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊர்க் கல்யாண வீட்டிலும் அப்படித்தானே.

போட்டி நடக்கிற அரங்கில் உடை மாற்றும்போதுதான் எனக்குத் தெரிந்தது. போன மாதம் அளவெடுத்துத் தைத்த பாவாடை அவள் இடுப்பில் நிற்கவில்லை. கொக்கி மாட்டினேன், வழுகி இறங்கியது. ஊக்கு குத்துவதற்காகத் துணியை மடித்தேன். மடிக்க மடிக்க வந்துகொண்டே இருந்தது. ஊக்கைக் கீழே வைத்தேன்.

"மக்கா, காலையில என்ன தின்ன?"

"இட்லி."

"எத்தன?"

பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து ராத்திரி?"

முகத்தை என்மேல் புதைத்துக்கொண்டாள். முகத்தில் பூசியிருந்த மினுக்கு என் சேலையில் ஒட்டியது. பிறகு காதோடு வந்து சொன்னாள். "அக்காக்கு தோளு நோவுது ஆயம்மா. நான் தடிச்சா கழண்டு போவும்."

அவள் முழங்கை எலும்பு என் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் இந்தக் கையைப் பிடித்துத்தான் வேனில் ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

"மாஸ்டர்கிட்ட சொல்லாதீங்க" என்றாள். "அக்காக்கு காலேஜ் கிடைக்காம போயிரும்."

நான் மாஸ்டரைத் தேடிப் போனேன். அவர் நடுவர் மேசைப் பக்கம் வரிசையில் நின்றார். ஒரே பாட்டுச் சத்தம். "மாஸ்டர், பெனிட்டா சரியா தின்னல்ல" என்றேன். அவர் குனிந்து கேட்டார். "பதட்டமா இருக்கும் ஆயம்மா. எல்லாத்துக்கும் உள்ளதுதான். குளுக்கோஸ் குடுங்க, சரியாயிரும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. தின்னவில்லை என்று சொன்னால் அதற்கு மருந்து குளுக்கோஸ். பயப்படுகிறாள் என்று சொன்னால் எல்லாரும்தான் பயப்படுகிறார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. இந்தப் பிள்ளைக்கு மேலே நிற்க முடியாமல் போனாலும் அவள் இறக்கு என்று சொல்ல மாட்டாள், அக்காமாருக்காகச் சிரித்துக்கொண்டே நிற்பாள், அவள் விழப்போகிறாள் என்பது விழும்போதுதான் நமக்குத் தெரியும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். நடுவர் ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் நகர்ந்துவிட்டேன்.

குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்தாள். அப்போது எங்களுக்கு முந்தின அணி மேடை ஏறிவிட்டது. ஓரத்தில் கிடந்த மேட்டில் ஒருதடவை தூக்கிப் பார்க்க ஷெரின் எல்லாரையும் கூப்பிட்டாள். பெனிட்டாவைத் தூக்கினார்கள். அவள் மேலே நின்று இரண்டு கையையும் விரித்துச் சிரித்தாள். அந்த வழியாகப் போனவர்கள்கூட நின்று கைதட்டினார்கள். நான் முழங்காலைப் பார்க்கப் பயந்து ஷெரினைப் பார்த்தேன். சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது.

இறக்கிவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"ஆயம்மா, இவளுக்க காலு எனக்க கையில கிடந்து ஆடுகு. என்னவாச்சும் தின்னாளா இல்லியா?"

பெனிட்டா ஷெரினுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சொல்லாதே சொல்லாதே என்று. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன்.

"இல்ல மக்கா. நேத்துலேருந்து ஒண்ணும் இல்ல. அதுக்கு முன்னயும் சரியா தின்னல்ல போல இருக்கு."

"எதுக்கு? கொழுப்பா?"

"தடிச்சா ஒனக்க தோளு கழண்டு போவும்னு நீ சொன்னல்லா. அதுக்கு."

ஷெரின் திரும்பி அவளைப் பார்த்தாள். பெனிட்டா அழவில்லை. ஷெரினைப் பார்த்துச் சிரித்தாள், பழக்கிக்கொடுத்த அதே சிரிப்பு.

மேடையில் பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டது. மாஸ்டர் ஓடி வந்தார். "வாங்க வாங்க, நம்ம பேருதான் அடுத்தது."

"மாஸ்டர், நான் குஞ்சைத் தூக்க மாட்டேன்."

"என்ன பேசுத ஷெரின்? ரெண்டு நிமிஷம். ஒரே ஒரு தடவ. தோளு வலிக்கா?"

"எனக்க தோளு தாங்கும் மாஸ்டர். இவளுக்க காலு தாங்காது."

"மேல நிக்கிற ஆளு இல்லாம நமக்கு மார்க்கே கிடையாது. ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. மற்ற பெரிய பிள்ளைகளில் ஒருத்தி, "ஷெரினே, ஒண்ணும் ஆவாதுட்டி, நம்ம மூணு பேரு இல்லியா, பிடிச்சிருவோம்" என்றாள். அவளுக்கும் கல்லூரி வேண்டுமே. மைக்கில் எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஆயம்மா, நீங்க சொல்லுங்க. ஏத்தலாமா, வேண்டாமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் சுவர் இல்லை, சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லை. வேண்டாம் என்றால் இந்தப் பிள்ளைகளின் உழைப்பெல்லாம் என் ஒரு வார்த்தையில் போகும், நாளைக்கு ஷெரினின் அப்பா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன். சரி என்றால் அந்த வெளிச்சத்தில், அந்த உயரத்தில். பெனிட்டாவின் அம்மாவிடம் நான் பாத்துக்கிடுதேன் என்று சொன்ன என் குரலே எனக்குக் கேட்டது.

"ஏத்தண்டாம் மாஸ்டர்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் அவர் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவர் கேட்கவில்லை. பெனிட்டாவின் இரண்டு கையிலும் ஆட்டுகிற குஞ்சத்தைக் கொடுத்து, "நீ முன்னால தரையில நின்னு ஆடு" என்று சொல்லி எல்லாரையும் மேடைக்கு அனுப்பினார்.

ஆடினார்கள். தூக்கவேண்டிய இடம் வந்தபோது பெரிய பிள்ளைகள் வட்டமாக நின்று வெறுங்கையை மேலே நீட்டினார்கள். அந்த இடத்தில் யாருமில்லை. நடுவர்கள் குனிந்து எழுதினார்கள். பரிசு இல்லை, ஆறுதல்கூட இல்லை.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு ஏற்றியிருந்தால் அவள் விழுந்திருப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். விழாமலும் இருந்திருக்கலாம். அது எனக்கு இன்றுவரை தெரியாது, யாருக்கும் தெரியாது. நடக்காத ஒன்றுக்காகப் பெரிய பிள்ளைகள் இழந்தது மட்டும் எல்லாருக்கும் தெரியும். இந்த வேலையில் நீங்கள் சரியாகச் செய்தீர்கள் என்பதற்குச் சாட்சியே கிடைக்காது. ஒரு பிள்ளை முழுசாக வீட்டுக்குப் போகும், அதை யாரும் ஒரு செய்தியாகச் சொல்லமாட்டார்கள். எல்லாவற்றையும் கெடுத்தவள் என்று உங்களைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயப்படுங்கள், பயப்படாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பயத்தையும் பிள்ளை விழுகிற பயத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

திரும்பும்போது வேனில் பாட்டுப் போடவில்லை. மதியம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். மாஸ்டர் வடையும் பழமும் வாங்கி உள்ளே கொடுத்தார். பெனிட்டா வழக்கம்போல எழுந்து பொட்டலத்தை வாங்கக் கை நீட்டினாள். ஷெரின் முந்திக்கொண்டாள்.

"நீ இரி. நான் விளம்புதேன்."

எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியில் பெனிட்டாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு வடையை அவள் கையில் வைத்தாள். பெனிட்டா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்தபிறகுதான் கேட்டாள்.

"அக்கா, நான் கனமாட்டு ஆயிட்டேனா?"

முன்சீட்டில் இருந்த மாஸ்டரின் தலை அசையாமல் நின்றது.

"கனம் இல்லட்டி" என்றாள் ஷெரின். "ஒனக்க காலைப் பிடிச்சப்ப கையில ஒண்ணுமே இல்லாதது மாதிரி இருந்து. அதுக்காக்கும் நான் பேடிச்சது."

பெனிட்டா யோசித்தாள். "அப்ப, இனி தின்னா தூக்குவீங்களா?"

தூக்குவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பிள்ளை வடையை அந்த நிமிஷமே தின்றுவிடும். வேனில் எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நானும்தான். பசியோடு இருக்கிற பிள்ளை தின்றால் போதும் என்று இருந்தது எனக்கு. ஷெரின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

"தின்னாலும் தூக்க மாட்டேன். தின்னாட்டியும் தூக்க மாட்டேன். ஒனக்க வயசுப் பிள்ளையளுக்க கூட நின்னு விளையாடு. நீ தின்னுறது ஒனக்கு. எனக்க தோளுக்கு இல்ல."

பெனிட்டாவின் உதடு நடுங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடையை ஓங்கி ஷெரினின் முகத்தில் எறிந்தாள்.

"கள்ளி! நீ கள்ளி! நீதான தூக்குவேன்னு சொன்ன! போடி! எனக்கு ஒன்னப் பிடிக்கல்ல, ஒனக்க தோளையும் பிடிக்கல்ல! நான் எவ்வளவு பேடிச்சேன் தெரியுமாட்டி ஒனக்கு! எனக்குப் பசிச்சு!"

அக்கா என்று ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. வாயைப் பிளந்து, மூக்கு ஒழுக, காலால் முன்சீட்டை உதைத்துக்கொண்டு கத்தினாள். இரண்டு மாதத்தில் அவள் அழுது நாங்கள் யாரும் கேட்டதில்லை. டிரைவர் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டுப் பெண் ஒருத்தி எட்டி அவள் வாயைப் பொத்தப் போனாள். "ஏட்டி, பெரியவியகிட்ட இப்பிடியா பேசுவா!"

ஷெரின் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கன்னத்தில் ஒட்டியிருந்த வடைத் துணுக்கைத் துடைக்கவில்லை.

"விடு, ஏசட்டும்" என்றாள். பிறகு சின்னதின் பக்கம் குனிந்து, முகத்தை நேராகக் காட்டி, "இன்னும் ஏசுட்டி" என்றாள்.

பெனிட்டா ஏசினாள். நாகர்கோவில் வரும்வரைக்கும் ஏசினாள்.